கூட்டோவியம் யாருக்கான மருந்து? தின்கன்ஜூனை முன்வைத்துச் சில குறிப்புகள்

போர்ப் பகுதிகளுக்கும் அகதி முகாம்களுக்கும் அரிசி மூட்டைக்குப் பின்னால் இப்போது வண்ணப்பெட்டியும் வருகிறது. பெரிய தாளொன்றைத் தரையில் விரித்து, சுற்றிவரப் பத்துப்பேரை உட்காரவைத்து, 'மனதில் உள்ளதை வரையுங்கள்' என்கிறார்கள். மாலையில் புகைப்படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். இதற்கு உளசமூக ஆதரவு என்று பெயர். இம்முறையை முற்றாக நிராகரிப்பது என் நோக்கமல்ல. கூடி வரைவது மனிதரைத் தாங்கக்கூடியது என்றே நானும் கருதுகிறேன். அது எப்போது தாங்குகிறது, எப்போது வெறும் பூச்சுவேலையாகிறது என்பதே கேள்வி.

இக்கேள்வியை யாங்கோன் நகரின் தின்கன்ஜூனிலிருந்து தொடங்குகிறேன். என் உறவினர் சிலர் இன்னமும் அங்கு வாழ்கிறார்கள். நம்மில் பலருக்கு பர்மாத் தமிழர் என்றால் செட்டியார் வட்டிக்கடை மட்டுமே நினைவுக்கு வரும். 1942இல் அசாம் நோக்கி நடந்து வழியிலேயே இறந்தவர்கள், 1964இன் தேசியமயமாக்கலின் பின் வெளியேற நேர்ந்த ஏறத்தாழ மூன்று லட்சம் இந்திய வம்சாவளியினர், போகாமல் தங்கி 1982இன் குடியுரிமைச் சட்டத்தால் அரைக் குடிமக்களாக்கப்பட்டவர்கள் என மூன்று தலைமுறையின் இழப்பு போதிய அளவு எழுதப்படாமலே கிடக்கிறது. தமிழ்ப் பள்ளிகள் மூடப்பட்டதால் பலருக்குத் தமிழ் பேச்சோடு நின்றுவிட்டது. தாய்மொழியில் எழுத முடியாதவருக்குப் படம் ஒரு மொழியாகலாம் என்ற எண்ணம் இயல்பானதே.

ஆனால் சூழலைப் பார்ப்போம். 2021 பெப்ரவரி 1இல் இராணுவம் ஆட்சியைப் பறித்தது. ஒரு வாரத்துக்குள் யாங்கோனில் ஐந்து பேருக்கு மேல் கூடுவதைத் தடுக்கும் உத்தரவுகள் வந்தன. அந்த உத்தரவுக்கு முன், தாளைச் சுற்றிப் பத்துப்பேர் உட்காருவதே ஒரு குற்றம். 2024 பெப்ரவரியில் கட்டாய இராணுவ சேவைச் சட்டம் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது. 18 முதல் 35 வயது வரையான ஆண்களும் 18 முதல் 27 வயது வரையான பெண்களும் அதற்குள் அடங்குவர். மகனின் பெயர் பட்டியலில் வருமோ என்று நித்திரையின்றிக் கிடக்கும் தாயின் பயம் நோயல்ல. அது தன் நிலைமை பற்றிய சரியான கணிப்பு. அவள் கையில் தூரிகையைக் கொடுத்து அந்தப் பயத்தை 'வெளிக்கொணர' வைத்தால் யாருக்கு நிம்மதி கிடைக்கும்?

இந்த அணுகுமுறைக்கு ஒரு வரலாறு உண்டு. ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கில ஓவியர் காசநோய் விடுதியில் படுத்திருந்தபோது ஓவியம் தமக்குத் தந்த பலனைக் கண்டு, பின்னர் 1942இல் அதற்குக் 'கலைச் சிகிச்சை' என்று பெயரிட்டார். தனி நோயாளி, தனிக் கட்டில், தனிப் படம். காயம் ஒவ்வொருவருக்குள்ளும் இருக்கிறது, அதை வெளியே எடுக்கவேண்டும் என்ற எண்ணம் இத்தகைய தொடக்கங்களிலிருந்தே வளர்ந்தது. 2004 சுனாமிக்குப் பின் அதே எண்ணத்துடன்தான் பல வெளிநாட்டு உளவளத்துணையாளர்கள் இலங்கையில் வந்திறங்கினார்கள். கயித்ரி பெர்னாண்டோவின் ஆய்வுகளோ, இலங்கை மக்கள் துன்பத்தை உள்மனக் கோளாறாக அல்ல, உறவுகளில் விழுந்த உடைவாகவே விபரிப்பதைக் காட்டின. யாழ்ப்பாணத்தில் உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 'கூட்டு மனவடு' என்று பேசுவதும் இதையே. குடும்பமும் ஊரும் உடைந்திருக்கையில் தனிமனிதரைத் தனியே ஒட்டவைக்க முடியாது.

அப்படியானால் கூடி வரைவதன் பலன் படத்தில் இல்லை, கூடுவதில் இருக்கிறது. மட்டக்களப்பில் 1996இல் கனடிய ஓவியர் போல் ஹோகனும் யேசுசபைத் துறவி போல் சற்குணநாயகமும் சேர்ந்து தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இதற்கு நல்ல சான்று. ஒருவரையொருவர் சந்தேகித்த தமிழ், முஸ்லிம் ஊர்களின் பிள்ளைகள் மாதக்கணக்கில் அங்கு கூடி வரைந்தார்கள், களிமண் பிசைந்தார்கள், கதை சொன்னார்கள். ஒருநாள் பட்டறைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு காலமும் நம்பிக்கையும்.

பர்மாவிலேயே இன்னொரு சான்று உண்டு. 1998 முதல் 2004 வரை சிறையிலிருந்த ஓவியர் டெய்ன் லின், தூரிகையில்லாமல், சிறை உடைத் துணிகளில் நூற்றுக்கும் மேற்பட்ட ஓவியங்களைத் தீட்டினார். துணி சக கைதிகளிடமிருந்து வந்தது. படங்கள் இரகசியமாக வெளியே போயின. வரைந்தது ஒருவரானாலும் அது ஒரு கூட்டின் வேலை. அதற்கு எவரும் சிகிச்சை என்று பெயர் வைக்கவில்லை.

இவ்விடத்தில் ஒரு நடைமுறைக் கேள்வி எழுகிறது: வரைந்து முடிந்த தாள் யாருடையது? தின்கன்ஜூன் வீடொன்றில் இராணுவ வண்டியை வரைந்த பிள்ளையின் தாள் சோதனையின்போது தடயமாகும். 2021இல் திருத்தப்பட்ட 505(அ) பிரிவுக்கு ஒரு படமும் போதும். அதே படம் வெளிநாட்டு நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் வந்தால், முகத்தை மறைத்தாலும் தெருவை அடையாளம் காணலாம். நம் பெண்கள் வாசலில் கூடிப்போடும் கோலம் மாலைக்குள் காலடியில் அழிந்துவிடுகிறது. சேகரிப்பதற்கல்ல அது. அப்படி அழிவதற்கென்றே வரைவதும் ஒரு பாதுகாப்பு.

மறுதரப்பு வாதத்தையும் சொல்லவேண்டும். தேரேசின் நாஜி முகாமில் பிள்ளைகளுக்கு ஓவியம் கற்பித்த பிரீடில் டிக்கர்-பிராண்டைஸ் 1944இல் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார். அவர் பாதுகாத்து விட்டுச்சென்ற ஏறத்தாழ 4,500 படங்கள் இன்று சாட்சியங்கள். சிலியில் பினோஷே காலத்தில் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மாரும் மனைவியரும் கூடித் தைத்த துணிப்படங்கள் எல்லை கடந்து உண்மையைச் சொல்லின. எல்லாவற்றையும் அழித்தால் ஆட்சியாளரின் வேலையை நாமே செய்தவர்களாவோம்.

ஆகவே அழிப்பதா காப்பதா என்பதை வரைந்தவர்களே தீர்மானிக்கவேண்டும். நிதி தருபவரோ, பயிற்றுநரோ, தூரத்திலிருந்து எழுதும் என்னைப் போன்றவரோ அல்ல. இந்த உரிமையை வழங்காத கூட்டோவியம், எத்தனை வண்ணம் பூசினாலும், மக்களை மீண்டுமொருமுறை பயனாளிகளாக மட்டுமே ஆக்கும். புகலிடத்திலிருந்து பணம் சேர்த்து அனுப்பும் நமது அமைப்புகள் இந்த ஒரு நிபந்தனையையாவது முன்வைக்குமா? இதுபற்றி மாற்றுக்கருத்துள்ளோர் எழுதவேண்டும்.