குடுமியான்மலை இசைக் கல்வெட்டின் யாப்பு

புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலையில், குடுமிநாதப் பெருமான் எழுந்தருளிய திருக்கோயிற் குன்றின் மேலைக்கோயில் என்னுங் குடைவரையை அடுத்த பாறைமீது, பல்லவ கிரந்த எழுத்திற் பொறித்த இசைக் கல்வெட்டு ஒன்று உளது. கி.பி. 7-ஆம் நூற்றாண்டினது என்பர். சிவபெருமானுக்கு வணக்கங் கூறித் தொடங்குதலின் அது சைவர்க்குப் பெரிதும் உரித்து.

இதனைப் பாட்டு எனலாமோ எனின், ஆகாது. சொல்லும் பொருளும் இன்மையின். ஆயினும் யாப்பு உண்டு. நான்கு சுரங்கள் சேர்ந்து ஒரு கூட்டமாம். அது சீர்போல் நிற்கும். அத்தகைய பதினாறு கூட்டங்கள் ஓர் உட்பிரிவாம். ஓர் உட்பிரிவிலுள்ள கூட்டங்கள் யாவும் ஒரே சுரத்தில் முடிவன. இஃது இயைபுத் தொடையை நினைப்பிக்கும். ஆனால் இயைபு அடியிறுதிக்கண் வருவது. ஈண்டோ சீர்தோறும் வருகின்றது. முதல் மூன்று சுரமும் எவ்வாறு திரியினும் நான்காவது நிலைபெற்று நிற்றலின், பயில்வான் செவி அவ்வொன்றனையே பற்றிக் கொள்ளும். அதுவே தொடையின் பயன்.

சுரங்கள் அ, இ, உ, ஏ என்னும் உயிர்களோடு புணர்ந்து வருதல் பலரை மயக்கியது. அவ்வுயிர்கள் காலவளவு குறித்தன ஆகா. வடமொழியில் ஏ நெடில். ஏனை மூன்றும் குறில். அளவே கருத்தாயின் இரண்டு குறியீடு போதும்; நான்கு வேண்டா. ஆதலின், 1913-14 அளவில் இதனைப் பதிப்பித்த பண்டார்க்கர் கொண்டவாறு சுருதி வேறுபாடு குறித்தன எனலே பொருந்துவதாம்.

பகுதிகள் ஏழு: மத்திமக்கிராமம், சட்சக்கிராமம், சாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்திமம், கைசிகம். சாதாரி, பஞ்சமம், கௌசிகம் என்பன தேவாரப் பண்களினும் உள. பெயரொற்றுமை கண்டு இக்கல்வெட்டே தேவாரப் பண்ணின் சுரக்குறிப்பு என முடித்தல் விரைவுடைமையாம். பெயர் நிற்பப் பண் திரிதலும், பண் நிற்பப் பெயர் திரிதலும் உண்டன்றோ.

செய்வித்தோன் உருத்திராசாரியரின் மாணாக்கனும் பரம மாகேச்சுரனுமாகிய ஓர் அரசன் என்றும், மாணாக்கர் நலங்கருதிச் செய்தனன் என்றும் கல்வெட்டுக் கூறும். அவன் பெயர் கூறாது. அப்பரடிகளாற் சைவனாகிய மகேந்திரவர்மனே அவன் என்பது பலர் துணிபு. அன்பாற் பிறந்த துணிபாயினும் கல்லில் இல்லாததொன்றைக் கல்லின்மேல் ஏற்றுதல் சைவர்க்கு வேண்டுவதன்று. ஓர் அரசன் ஆசிரியன் பெயரை வெட்டுவித்துத் தன் பெயரை ஒழித்தனன் என்பதே போதிய பெருமை.

ஈற்றில் இவை எட்டிற்கும் ஏழிற்கும் உரிய எனத் தமிழில் ஒரு குறிப்புளது. நரம்பின் தொகை என அதனைக் கொள்வர். ஏழிசைக்கு ஏழு நரம்பு அமையும். எட்டாவது முதலிசையின் மேற்றாய மீட்சி எனின் இழுக்கின்று.