நிற்காத கப்பலுக்கும் மதிப்பெண்

உலக வங்கி வெளியிடும் கொள்கலன் துறைமுகச் செயல்திறன் பட்டியல் வந்தாலே ஆசியாவில் கொண்டாட்டம் தொடங்கிவிடும். 2023-ஆம் ஆண்டுக் கணக்கில் ஷாங்காயின் யாங்ஷான் முதலிடம். ஜொகூரின் தஞ்சோங் பெலப்பாஸ் ஐந்தாமிடம். முதல் 100 இடங்களுக்குள் ஒன்பது துறைமுகங்கள் வந்துவிட்டன என்று இந்திய அரசு அறிக்கை விட்டது. விசாகப்பட்டினம் முதல் இருபதுக்குள் வந்தது, சென்னைக்கு எண்பதாவது இடம். பினாங்கிலோ, அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சிலர் புத்தி சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள்: நாமும் பெலப்பாஸ் போல ஆக வேண்டும், கப்பலைச் சீக்கிரம் அனுப்ப வேண்டும், பிற நாட்டுப் பெட்டிகளை இங்கே மாற்றி ஏற்றும் தொழிலைப் பிடிக்க வேண்டும். மறுத்துப் பேசினால், 'அளக்காததை எப்படித் திருத்துவாய்?' என்ற ஒரே பதில்தான்.

அளப்பது நல்லதுதான். கப்பல் எத்தனை மணி நேரம் நின்றது என்பதை ஏஜெண்டுகளின் வாய்மொழியாக மட்டுமே அறிந்த காலம் போய், செயற்கைக்கோள் தடமும் கப்பல் நிறுவனங்களின் பதிவேடும் சேர்ந்து 400-க்கும் மேற்பட்ட துறைமுகங்களை ஒரே கோலால் அளக்கின்றன. துறையில் நேரம் மிச்சமானால் கடலில் மெதுவாகப் போகலாம். எண்ணெயும் புகையும் குறையும். கரைக்கு எட்டத்தில் நங்கூரமிட்ட கப்பலிலிருந்து தொங்கான் படகில் சரக்கை இறக்கி வெல்ட் கீ படித்துறைக்குக் கொண்டுவந்த ஊர் பினாங்கு. வேகத்தின் அருமையை அதற்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

ஆனால் அந்தக் கடிகாரம் யாருடையது? கப்பல் துறைமுக எல்லைக்குள் நுழைந்ததிலிருந்து வேலை முடிந்து துறையை விட்டு நகரும் வரை உள்ள நேரம்தான் இந்தக் குறியீட்டின் அடிப்படை. பெட்டி எப்போது வந்தது, லாரி வாசலில் எவ்வளவு நேரம் நின்றது, சுங்கத்தில் எவ்வளவு போயிற்று, காலிப் பெட்டி கிடைக்க எத்தனை நாள் ஆயிற்று என்பதெல்லாம் அதில் இல்லை. தரவைத் தருபவை பெரிய கப்பல் நிறுவனங்கள். ஆகவே இது துறைமுகத்தின் செயல்திறனைச் சொல்வதில்லை. துறைமுகம் கப்பல் நிறுவனத்துக்கு எவ்வளவு சௌகரியமாக நடந்துகொண்டது என்பதைத்தான் சொல்கிறது. இரண்டும் ஒன்றல்ல. சில வேளைகளில் ஒன்றுக்கொன்று எதிரானவையும்கூட.

எதிரானவை என்று சொல்லக் காரணம் உண்டு. கால அட்டவணையில் பின்தங்கிய கப்பல், ஏற்ற வேண்டிய பெட்டிகளில் ஒரு பகுதியைக் கரையிலேயே விட்டுவிட்டுப் புறப்படுவது தொழிலில் தெரிந்த வழக்கம். பின்தங்கல் அதிகமானால், சின்னத் துறைமுகத்தை அந்தச் சுற்றில் அப்படியே தாண்டிப் போய்விடும். 2024-இல் செங்கடல் தாக்குதல்களுக்குப் பயந்து கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றின. சிங்கப்பூரிலும் மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்திலும் நெரிசல் ஏற்பட்டது. அட்டவணைகள் குலையும் அத்தகைய காலங்களில்தான் இந்தப் பழக்கம் தலைவிரித்தாடும். முதல் வகையில், பெட்டியை விட்டுப்போன கப்பல் குறைவான நேரமே நின்றது. எடுத்துப்போன பெட்டிக்கேற்ற நேரம்தான் என்று குறியீடு அதைச் சரிக்கட்டிக்கொள்ளும். விடப்பட்ட பெட்டிக்கு அதில் இடமே இல்லை. இரண்டாம் வகை இன்னும் விசித்திரம். வராத கப்பலுக்கு நேரமே கிடையாது, ஆகவே கணக்கும் கிடையாது. நிறுத்தத்தில் நிற்காமல் போன பேருந்துக்கு நேரந்தவறாமைப் பரிசு கொடுப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நிறுத்தத்தில் காத்திருந்தவரை யாரும் கேட்கவில்லை.

பினாங்கில் காத்திருப்பவர் யார் என்று பாருங்கள். பட்டர்வொர்த்தின் வடக்குக் கொள்கலன் முனையம் ஆண்டுக்குக் கையாளும் பெட்டிகள், இருபதடிக் கணக்கில், சுமார் 14 லட்சம். கிள்ளான் 2023-இல் கையாண்டது 1 கோடியே 40 லட்சம். சிங்கப்பூர் 2024-இல் 4 கோடியே 11 லட்சம். இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பினாங்கைக் குட்டையன் என்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. பினாங்கின் பெட்டி பெரும்பாலும் இந்த வட்டாரத்தின் சொந்தப் பெட்டி. பிறை, கூலிம் ஆலைகளின் சரக்கு, கெடா, பெர்லிஸ், வட பேராக்கின் சரக்கு, பாடாங் பெசார் வழியே ரயிலில் இறங்கும் தென் தாய்லாந்தின் ரப்பர் ஆகியவை அதில் வருகின்றன. அந்தப் பெட்டியே பீடர் என்னும் சின்னக் கப்பலில் கிள்ளானுக்குப் போய், நெடுந்தூரம் போகும் தாய்க்கப்பலுக்கு மாறினால், பட்டர்வொர்த்தில் ஏறும்போது ஒரு முறை எண்ணப்படும், கிள்ளானில் இறங்கும்போது ஒரு முறை, ஏறும்போது இன்னொரு முறை. உள்ளே உள்ள சரக்கு மாறவில்லை. கிள்ளானுக்கு இரண்டு மதிப்பெண், பினாங்குக்கு ஒன்று. நடுவில் கிள்ளான் முற்றத்தில் தாய்க்கப்பலை எதிர்பார்த்து அது கிடந்த நாட்கள் எந்தத் துறைமுகத்தின் நேரக் கணக்கிலும் ஏறுவதில்லை. பிறை ஆலைக்காரரின் வாடிக்கையாளர் மட்டும் அதை நாள் நாளாக எண்ணிக்கொண்டிருப்பார்.

பெலப்பாஸின் பெருமையையும் இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். 2000-இல் மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் சிங்கப்பூரை விட்டு அங்கே போனது. அதன் முனைய நிறுவனம் அங்கே 30 விழுக்காடு பங்கு வைத்திருக்கிறது. 2025 பிப்ரவரியில் ஹபாக் லாய்டு கப்பல் நிறுவனத்துடன் மெர்ஸ்க் தொடங்கிய ஜெமினி கூட்டணியின் முக்கிய மையங்களில் பெலப்பாஸும் ஒன்று. கப்பல்காரரே பங்குதாரர், அவருடைய அட்டவணையை ஒட்டியே முனையம் ஓடுகிறது, பெட்டியில் மிகப் பெரும்பகுதி வாசலைத் தாண்டி வெளியே போவதே இல்லை. லாரி வரிசையும் சுங்கமும் அங்கே அனேகமாகப் பிரச்சினையே அல்ல. அந்த நிலையில் கப்பலை வேகமாக அனுப்புவது சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சாதனையை அளவுகோலாக்கி, பெரும்பாலான பெட்டிகள் வாசலைத் தாண்டியே தீர வேண்டிய பட்டர்வொர்த்தின் தலையில் தட்டுவது திறனாய்வு ஆகாது.

போட்டி என்ற சொல்லும் இதில் தாராளமாகப் புழங்குகிறது. பினாங்குத் துறைமுக நிறுவனம் 2018 முதல் எம்.எம்.சி. குழுமத்தின் முழு உடைமை. கிள்ளானின் நார்த்போர்ட்டும் அதே குழுமம், ஜொகூர் துறைமுகமும் அதுவே, பெலப்பாஸின் பெரும்பங்கும் அதுவே. அண்ணன் தம்பிகளை வரிசையில் நிறுத்தி யார் உயரம் என்று கேட்பதைப் போட்டி என்கிறோம். பினாங்கின் உண்மையான போட்டி வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் நடக்கிறது. கூலிமில் அடைத்த பெட்டி பக்கத்திலுள்ள பட்டர்வொர்த்துக்குப் போகிறதா, முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் லாரியில் கிள்ளானுக்குப் போகிறதா? பெட்டி உடைமையாளர் தன் காசைக் கொடுத்துப் போடும் ஓட்டு அது. எந்தத் தாய்க்கப்பல் நேரே வருகிறது, எந்த பீடர் சொன்ன நாளில் வருகிறது, டிமரேஜ் என்னும் தாமதக் கட்டணம் எப்போது ஏறத் தொடங்கும் என்பதைப் பார்த்துத்தான் அவர் ஓட்டுப் போடுகிறார். கப்பல் துறையில் இருபது மணி நேரம் நின்றதா, பதினெட்டு நின்றதா என்பது அவருக்குக் கடைசிக் கவலை.

உலக வங்கிப் பெயரைக் கண்டு மிரள்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நாடுகளைத் தொழில் நடத்த உகந்தவை என்று வரிசைப்படுத்திய அதன் புகழ்பெற்ற அறிக்கையில் தரவுகள் முறைகேடாக மாற்றப்பட்டது தெரிந்து, 2021-இல் அந்த அறிக்கையையே அது நிறுத்தியது. துறைமுகக் குறியீட்டில் அப்படி முறைகேடு இருப்பதாக நான் சொல்லவில்லை. பட்டியலின் மதிப்பு ஏற ஏற, அதற்காகவே வேலை செய்யும் புத்தி வந்துவிடும் என்பதுதான் எச்சரிக்கை. பட்டியலுக்காக இங்கேயும் மாற்றுச் சரக்கைத் துரத்தினால், முற்றத்தின் இடமும் கிரேனின் நேரமும் வட்டாரப் பெட்டியிடமிருந்து போகும். எண் வளரும், நம் சரக்கு நெருக்கப்படும்.

பிற நாட்டுச் சரக்கை நம்பிப் பிழைப்பதன் ஆபத்து இந்த ஊருக்குப் புதிதல்ல. 1786-இல் பிரான்சிஸ் லைட் தொடங்கியதிலிருந்து 1969-இல் சலுகை பறிபோகும் வரை, பெரும்பாலும் சுங்கமில்லாத் துறைமுகம் என்பதே பினாங்கின் பிழைப்பு. பறிபோனதும் வேலையின்மை தாக்கியது. 1972-இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வாணிப வட்டாரம் வந்தபின்தான் மூச்சு வந்தது. பின்னிலத்தில் தொழில் இருந்தால் துறைமுகம் நிற்கும் என்பதை அனுபவத்தில் கண்ட ஊர் இது.

1956 முதல் இயங்கும் பினாங்குத் துறைமுக ஆணையம்தான் இங்கே ஒழுங்குமுறை அமைப்பு. உலகப் பட்டியலில் நம் இடத்தை விளக்கிக்கொண்டிருக்கும் வேலை அதற்கு வேண்டாம். பட்டர்வொர்த் வாசலில் லாரி நுழைந்து வெளியேற எடுக்கும் நேரம், பெட்டி முற்றத்தில் கிடக்கும் நாட்கள், வருவதாக அறிவித்துவிட்டு வராமல் போன கப்பல்கள், ஏற்றாமல் விடப்பட்ட பெட்டிகள் ஆகியவற்றை மாதந்தோறும் ஒரு பக்கத்தில், கப்பல் நிறுவனங்களின் பெயரோடு, வெளியிடட்டும்.