டேப் விசைக்கு ஒரு வாழ்த்து

கம்ப்யூட்டர் கீபோர்டில் எனக்கு மிகவும் பிடித்த விசை எது என்று கேட்டால் யோசிக்கவே மாட்டேன். இடது கை ஓரத்தில் இருக்கும் டேப்தான். கருப்புத் திரையில் டேட்டாபேஸோடு பேசும்போது அந்த ஒரு விசை செய்கிற உதவியை ஊரெல்லாம் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்போல் இருக்கிறது. பாதிப் பெயரைத் தட்டிவிட்டு டேப்பை அழுத்தினால் மீதிப் பெயர் தானாக வந்து உட்காரும். இவ்வளவுதானா என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். இதற்குப் பின்னால் ஐம்பது ஆண்டு உழைப்பு இருக்கிறது. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இது அடைந்திருக்கிற வளர்ச்சியைப் பார்த்தால் யாருக்குமே ஆசை வரும்.

நான் இருப்பது அன்னவாசல். புதுக்கோட்டையிலிருந்து இலுப்பூர் போகிற வழியில் இருக்கிற ஊர். எங்களைச் சுற்றி எந்தத் திசையில் போனாலும் கல்லில் எழுத்து இருக்கும். பக்கத்திலேயே சித்தன்னவாசல், ஏழடிப்பட்டத்தில் தமிழ் பிராமி எழுத்து. குடுமியான்மலையில் புகழ்பெற்ற இசைக் கல்வெட்டு. நார்த்தாமலை, கொடும்பாளூர் என்று சொல்லிக்கொண்டே போகலாம். புதுக்கோட்டை சமஸ்தானம் தன் எல்லைக்குள் இருந்த கல்வெட்டுகளின் பாடங்களைத் தொகுத்து 1929-லேயே புத்தகமாகப் போட்டது. அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, ஊர்வாரியாக, கோயில்வாரியாக, அரசர்வாரியாகத் தேடிப் பார்க்கிற மாதிரி ஒரு டேட்டாபேஸ் கட்டிவருகிறேன். வேலை போஸ்ட்கிரெஸ் என்கிற டேட்டாபேஸ் நிரலில் நடக்கிறது. அதோடு பேச பிஎஸ்க்யூஎல் என்கிற கமாண்ட் லைன் நிரல்.

கல்வெட்டு என்று ஒரு டேபிள், கல்வெட்டு_வரி என்று ஒன்று, கோயில், ஊர், அரசர், கொடை, கொடை_வகை, ஆட்சியாண்டு என்று டேபிள்கள் பெருகிக்கொண்டே போகின்றன. நடைமுறை வசதிக்காக எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில்தான் வைத்திருக்கிறேன். இங்கேதான் வம்பு. 'கோயில்' என்பதை ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று எழுதிப் பாருங்கள். 'ஆட்சியாண்டு' என்பதற்கு இன்னும் அதிகம். எந்த டேபிளில் எந்த எழுத்துக்கூட்டல் என்று மனப்பாடம் செய்துகொண்டு யாராலும் வேலை பார்க்க முடியாது. ஆனால் டேப் இருந்தால் நினைவில் வைக்கவே தேவையில்லை. முதல் இரண்டு எழுத்து சரியாக இருந்தால் போதும், மற்றதை டேட்டாபேஸே சொல்லிவிடும்.

கண்முன்னே நடப்பதைச் சொல்கிறேன். 'செலக்ட் நட்சத்திரக்குறி ஃப்ரம்' என்று தட்டிவிட்டு, கல்வெட்டு என்பதன் முதல் மூன்று எழுத்தைப் போட்டு டேப். கண்சிமிட்டுவதற்குள் 'கல்வெட்டு' வரை நிரம்பி நிற்கும். அங்கே ஏன் நிற்கிறது? 'கல்வெட்டு' என்றும் 'கல்வெட்டு_வரி' என்றும் இரண்டு டேபிள்கள் இருப்பதால், இரண்டுக்கும் பொதுவான பகுதி வரை போய்விட்டு, 'இனி நீ சொல்' என்று காத்திருக்கிறது. இன்னொரு டேப் அழுத்தினால் இரண்டு பெயரையும் கீழே பட்டியலிடுகிறது. அடிக்கோடு ஒன்றைப் போட்டு மறுபடி டேப் அழுத்தினால் 'கல்வெட்டு_வரி' முழுசாக வந்துவிடும். எனக்காக ஊகிப்பதில்லை, என்னிடம் கேட்கிறது. அந்த மரியாதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

இது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ஆசைப்பட்டால் ஒரு வழி இருக்கிறது. சர்வரில் வருகிற எல்லாக் குவரியையும் பதிவுசெய்யும்படி அமைத்துவிட்டு, பிஎஸ்க்யூஎல்லில் 'ஃப்ரம்' என்பதற்குப் பிறகு ஒரு முறை டேப் அழுத்துங்கள். பிறகு பதிவுக் கோப்பைத் திறந்து பாருங்கள். நீங்கள் எழுதவே எழுதாத ஒரு குவரி அங்கே இருக்கும். போஸ்ட்கிரெஸ் தன்னிடம் இருக்கிற எல்லா டேபிள், வியூக்களின் விவரத்தையும் பிஜி_கிளாஸ் என்கிற உள் டேபிளில் வைத்திருக்கிறது. டேப் அழுத்தியதும் பிஎஸ்க்யூஎல் அங்கே போய், 'இந்த எழுத்துகளில் தொடங்கும் பெயர் என்னென்ன? அதில் இந்தப் பயனருக்கு நேரே தெரிகிறவை எவை?' என்று கேட்கிறது. பதில் அதிகபட்சம் 1000 பெயர் வரை. ஒவ்வொரு டேப்புக்கும் இது புதிதாக நடக்கிறது. ஒரு நொடிக்கு முன் நான் உருவாக்கிய டேபிள்கூட அடுத்த டேப்பில் வருவது இதனால்தான். இதை முதலில் பதிவுக் கோப்பில் கண்ணால் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது. டேட்டாபேஸ் தன்னைப் பற்றித் தானே பதில் சொல்லும் இந்த ஏற்பாட்டின் அழகே அழகு!

இதன் வரலாறும் அருமையானது. தொடங்கியவற்றை முடித்துக்கொடுக்கும் வசதி டெனெக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தில் இருந்தது. 1970-களில் கென் கிரீர் அதை யூனிக்ஸ் ஷெல்லுக்குக் கொண்டுவந்தார். டிசிஎஸ்எச் என்கிற ஷெல்லின் பெயரில் முதல் எழுத்து டெனெக்ஸைக் குறிப்பதுதான். பிறகு பிரையன் ஃபாக்ஸ் தொடங்கி, சேட் ராமி பல்லாண்டுகளாகப் பராமரித்துவரும் ரீட்லைன் நூலகம், எந்த நிரலும் இந்த வசதியைச் சேர்த்துக்கொள்ள வழி திறந்தது. 2000-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 7.0 பதிப்புக்காக பீட்டர் ஐசன்டிராட் பிஎஸ்க்யூஎல்லைப் புதிதாக எழுதினார். டேப் நிரப்பல் அதில் இடம்பெற்றது. அன்றிலிருந்து இன்றுவரை ஒவ்வொரு பதிப்பிலும் யாராவது ஒருவர் அதில் ஏதாவது ஒரு மூலையைச் செதுக்கிக்கொண்டே இருக்கிறார்.

செதுக்கல் என்று சும்மா சொல்லவில்லை. பிஎஸ்க்யூஎல்லுக்கு எஸ்க்யூஎல் இலக்கணம் முழுசாகத் தெரியாது. கர்சருக்கு முன்னால் இருக்கிற சொற்களைப் பார்த்து, 'அப்டேட், பிறகு ஒரு பெயர், அப்படியானால் அடுத்தது செட்' என்று விதிகளை வைத்து முடிவெடுக்கிறது. 'அப்டேட் கோயில்' என்று போட்டு டேப் அழுத்தினால் 'செட்' வரும். அடுத்த டேப்புக்குக் கோயில் டேபிளின் நெடுவரிசைகள் வரும். ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு மறுபடி அழுத்தினால் சமக்குறிகூட வந்துவிடும். இப்படி ஒவ்வொரு கட்டளைக்கும் ஒவ்வொரு விதியைக் கையால் எழுதி, ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட ஒரே கோப்பில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். 9.2 பதிப்பில், முக்கியச் சொற்கள் பெரிய எழுத்தில் வரவேண்டுமா சிறிய எழுத்தில் வரவேண்டுமா என்று நாமே தேர்ந்தெடுக்கும் அமைப்பு வந்தது. 9.6-இல் விதிகளை எழுதும் முறையே சுருக்கமாக மாறியது. 15-இல் டாம் லேன் பெயர்களைக் கையாளும் விதத்தை அடியோடு சீர்செய்தார்: பெரிய எழுத்தில் தொடங்கினாலும், ஸ்கீமா பெயருக்கு மட்டும் மேற்கோள் குறி போட்டிருந்தாலும், டேப் திணறாமல் சரியான பெயரைக் கண்டுபிடிக்கும். 2025-இல் வந்த 18-ஆம் பதிப்பில், நீண்டு நீண்டு போய்க்கொண்டிருந்த 'இல்லையென்றால் இது' சங்கிலியை, தானாக உருவாகும் ஸ்விட்ச் அமைப்பாக மாற்றினார்கள். சில கம்பைலர்கள் அந்தச் சங்கிலியின் நீளத்தைக் கண்டு திணறியதும் அதற்கு ஒரு காரணம். வெளியீட்டுக் குறிப்புகளைப் படித்தால் டாக்ஃபின் இல்மாரி மான்சோக்கர், விக்னேஷ் சி. போன்ற பெயர்கள் டேப் நிரப்பல் என்ற இடத்தில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். யாரும் கைதட்டாத இடத்தில் நின்று உழைக்கிற இவர்களுக்கு அன்னவாசலிலிருந்து என் கைதட்டல்.

இன்னொரு டேட்டாபேஸ் நிரலான மைஎஸ்க்யூஎல் டேப் நிரப்பலில் வேறு வழியில் போகிறது. டேட்டாபேஸைத் திறந்ததும் எல்லா டேபிள், நெடுவரிசைப் பெயர்களையும் மொத்தமாக வாசித்து வைத்துக்கொள்ளும். பெரிய டேட்டாபேஸ் என்றால் தொடக்கத்திலேயே தாமதமாகும். அதனால்தான் 'சீக்கிரம் தொடங்க வேண்டுமானால் இதை நிறுத்திவிடலாம்' என்று அதுவே திரையில் சொல்கிறது. எந்த இடத்தில் எது பொருந்தும் என்றும் பார்ப்பதில்லை. டேபிள் கேட்கிற இடத்தில் நெடுவரிசைப் பெயரும் சேர்ந்தே வந்து நிற்கும். நடுவில் புதிய டேபிள் சேர்த்தால் மறுபடி வாசிக்கச் சொல்லிக் கட்டளை போடவேண்டும்.

இப்போது என் பெரிய காதலுக்கு வருகிறேன்: பிஜிசிஎல்ஐ. போஸ்ட்கிரெஸோடு பேச, அம்ஜித் ராமானுஜம் பைதானில் எழுதித் தொடங்கிவைத்த நிரல். ஜோனாதன் ஸ்லெண்டர்ஸ் உருவாக்கிய பிராம்ப்ட் டூல்கிட் என்ற நூலகத்தின் மேல் நிற்கிறது. இதில் டேப் அழுத்தக்கூடக் காத்திருக்க வேண்டாம். தட்டத் தட்டவே கர்சருக்குக் கீழே ஒரு சின்னப் பட்டியல் விரிகிறது. 'ஃப்ரம்' என்றதும் டேபிள்கள் மட்டும், 'வேர்' என்றதும் அந்த டேபிளின் நெடுவரிசைகள் மட்டும். முழு வாக்கியத்தையும் அலசிப் பார்ப்பதால், முதலில் 'ஃப்ரம் கல்வெட்டு' என்று எழுதிவிட்டு, திரும்பி 'செலக்ட்' பக்கம் போனால் கல்வெட்டு டேபிளின் நெடுவரிசைகளை அங்கேயும் காட்டும். நடு எழுத்துகளைத் தவறவிட்டாலும் கவலை இல்லை. 'ஆ', 'ண்டு' என்று அங்கங்கே இரண்டு எழுத்தைக் கொடுத்தால்கூட அவை இதே வரிசையில் வருகிற பெயர்களைத் தேடிப் பிடித்து, நெருக்கமானதை மேலே வைக்கும்.

ஜாயின்தான் இதன் உச்சம். கல்வெட்டு டேபிளையும் கோயில் டேபிளையும் இணைக்க வேண்டும். 'ஜாயின்' என்று எழுதி ஒரு இடைவெளி விட்டேன். பட்டியலின் மேலேயே, கோயில் டேபிள், அதோடு 'ஆன்', அதோடு கோயிலின் எண்ணும் கல்வெட்டில் இருக்கிற கோயில் எண்ணும் சமம் என்கிற நிபந்தனை, எல்லாம் ஒரே வரியாகத் தயாராக நின்றது. டேபிள்களுக்கு நடுவே நான் ஃபாரின் கீ உறவு போட்டு வைத்திருந்தேன் அல்லவா? அதைப் படித்து, இந்த இரண்டும் இப்படித்தான் சேரும் என்று தெரிந்துகொண்டிருக்கிறது. என்டர் தட்டினேன், முடிந்தது வேலை! டேட்டாபேஸை ஒழுங்காக வடிவமைத்தவருக்கு இதைவிடப் பெரிய பரிசு கிடையாது. உறவுகளைச் சரியாகப் போட்டு வைத்தால் அந்த உழைப்பு ஒவ்வொரு குவரியிலும் திரும்பக் கிடைக்கிறது.

இந்தக் குடும்பமும் வளர்ந்துவிட்டது. மைஎஸ்க்யூஎல்லுக்கு மைசிஎல்ஐ, எஸ்க்யூலைட்டுக்கு லைட்சிஎல்ஐ இரண்டும் இதே பாணி. மைக்ரோசாஃப்ட் தன் எஸ்க்யூஎல் சர்வருக்கான ஒரு கமாண்ட் லைன் நிரலைக்கூடப் பிஜிசிஎல்ஐயை அடிப்படையாக வைத்தே கட்டியது.

சிற்றூரில் இருப்பவர்களுக்கு இதில் இன்னொரு நன்மையும் உண்டு. பிஜிசிஎல்ஐ பெயர்களையெல்லாம் பின்னணியில் முன்கூட்டியே வாசித்து வைத்துக்கொள்வதால், சர்வர் எங்கோ தொலைவில் இருந்து, இங்கே மொபைல் ஹாட்ஸ்பாட்டில் சிக்னல் தள்ளாடினாலும், பட்டியல் தாமதமில்லாமல் விரியும். டேபிள்களை மாற்றியபின் புதுப்பிக்கச் சொன்னால் போதும். படமும் பட்டனும் நிறைந்த கனமான நிரல்கள் திறக்கத் திணறும் பழைய லேப்டாப்பில் இது சுகமாக ஓடுகிறது.

தமிழ் எழுத்திலேயே டேபிளுக்குப் பெயர் வைக்கலாமா என்று கேட்டால், தாராளமாக வைக்கலாம். போஸ்ட்கிரெஸ் ஏற்றுக்கொள்ளும். ஆனால் ஒரு பெயருக்கு 63 பைட்தான் இடம். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். புள்ளியும் கொம்பும் தனித்தனியே கணக்கில் வரும். ஆக ஒரு பெயருக்கு 21 குறியீடுகள்தான். 'கல்வெட்டு' என்பதே 9 குறியீடு, 27 பைட். பிஎஸ்க்யூஎல்லில் இத்தகைய பெயரை டேப் தேடிப் பிடிக்க, முதலில் இரட்டை மேற்கோள் குறியைப் போட்டுத் தொடங்குவது நல்லது. இந்த மூலையில் செதுக்க இன்னும் இடம் இருக்கிறது. தமிழ் தெரிந்த நிரலாளர்கள் கைவைக்க வேண்டிய இடம் இது.

புதிதாகக் கற்பவர்களுக்கும் இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. கல்லூரியில் படிக்கிற என் அக்கா மகளுக்குக் கருப்புத் திரை என்றாலே பயம். "மாமா, என்ன தட்டணும்னே தெரியலையே, தப்பாப் போட்டா எல்லாம் அழிஞ்சிடுமா?" என்றாள். "ஆல்டர் டேபிள்னு போட்டு, டேபிள் பேரை எழுதிட்டு, டேப்பை ரெண்டு தடவை அழுத்தும்மா" என்றேன். என்டர் தட்டாதவரை எதுவும் மாறாது என்பதையும் சொன்னேன். ஆட், டிராப், ரீநேம் என்று அந்த இடத்தில் என்னென்ன செய்யலாமோ அத்தனையும் வரிசையாக வந்து நின்றன. அதற்குப் பிறகு அவள் என்னைக் கேட்பதைவிட டேப்பைக் கேட்பதுதான் அதிகம். புத்தகத்தில் படித்தபோது மண்டையில் ஏறாத கட்டளைகள், இப்படி இடம் பார்த்து வந்து நிற்கும்போது சட்டென்று பிடிபடுகின்றன.

தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டே. பிஎஸ்க்யூஎல்லில் ஒரு பரிவர்த்தனைக்கு நடுவில் எர்ரர் வந்து அது முடங்கிவிட்டால், ரோல்பேக் செய்யும்வரை டேப்புக்குப் பெயர்கள் வராது. டேப்பும் சர்வருக்கு ஒரு குவரி அனுப்புகிறது அல்லவா, முடங்கிய பரிவர்த்தனையில் அதுவும் ஓடாது. இன்னொன்று, பரிவர்த்தனையைத் தொடங்கியதும் தனிமை நிலையை மாற்றும் கட்டளையைக் கொடுப்பதாக இருந்தால், அதற்குமுன் டேப் அழுத்தாதீர்கள். டேப் அனுப்பும் குவரி குறுக்கே வந்துவிடும். கையேட்டிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. மற்றபடி பயமின்றி அழுத்தலாம்.

டேட்டாபேஸில் வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் என் வேண்டுகோள் இது. உங்கள் பிஎஸ்க்யூஎல் பழைய பதிப்பாக இருந்தால் இன்றே புதுப்பியுங்கள். பிஜிசிஎல்ஐயை நிறுவி ஒரு வாரம் பழகிப் பாருங்கள். பைதான் இருக்கிற கணினியில் ஒரே வரிக் கட்டளையில் வந்துவிடும். இரண்டுமே இலவசம், இரண்டின் நிரலும் எல்லோர் பார்வைக்கும் திறந்தே கிடக்கிறது. டேப் அழுத்தியும் ஏதாவது ஒரு கட்டளைக்கு ஒன்றும் வராமல் வெறுமையாக நின்றால் சலித்துக்கொள்ளாதீர்கள். அந்த விதியை எழுதி அனுப்புங்கள். பல நேரம் இரண்டு மூன்று வரிதான் வேண்டியிருக்கும். அடுத்த பதிப்பில் அதன் பயன் உலகம் முழுவதும் போஸ்ட்கிரெஸ் வைத்திருக்கிற ஒவ்வொருவருக்கும் போய்ச் சேரும்.