கவிழ்ந்தவர்கள் எழுதிய கடல்

1927 கோடையில் ஆஸ்திரியாவின் வைசென்சே ஏரியில் எடி ஹான்ஸ் பவ்லாட்டா என்பவர் தம் கயாக்கை வேண்டுமென்றே கவிழ்த்தார். தலைகீழாகத் தண்ணீருக்குள் தொங்கியபடி துடுப்பை நீர்மட்டத்தை ஒட்டி வீசி இழுத்தார். படகை விட்டு வெளியே வராமலே நிமிர்ந்து உட்கார்ந்தார். கிரீன்லாந்தின் சீல் வேட்டைக்காரர்களுக்கு இது இளமையிலேயே கைவந்துவிடும் வித்தை. ஐரோப்பியர்களில் இதை முதலில் செய்தவர் பவ்லாட்டா என்றுதான் வரலாறு சொல்கிறது. அவருக்கு ஆசான் யாரும் இல்லை. துருவப் பகுதிகளுக்குப் போய்வந்த நான்சென் போன்றவர்கள் எழுதிவைத்ததைப் படித்து, விட்டுப்போன இடங்களைத் தாமே யூகித்து நிரப்பிக்கொண்டார். பிறகு தாமும் ஒரு சிறுநூல் எழுதினார். துடுப்பின் நுனியைப் பிடித்து நீட்டி வீசும் அந்த முறைக்கு இன்றும் பவ்லாட்டா ரோல் என்றே பெயர்.

மற்ற விளையாட்டுகளில் ஆட்டம் முந்தும், எழுத்து பின்னால் வரும். கடல் கயாக்கில் பல தடவை ஏடுதான் முந்தியிருக்கிறது. படகின் வடிவமும், கவிழ்ந்தால் மீளும் வித்தையும், எந்தக் காற்றில் கரையிலேயே இருந்துவிட வேண்டும் என்ற அறிவும் அச்சுத்தாள் வழியாகத்தான் நாடு விட்டு நாடு போயின. இந்தத் துறையின் நூல்கள், இதழ்கள், படங்களில் எதற்கு இந்தச் சமூகம் அதிகம் கடன்பட்டிருக்கிறது என்று கேட்டால், பெருங்கடல் தாண்டிய சாகசக் கதைகளை நான் முதலிடத்தில் வைக்க மாட்டேன்.

தொடக்கம் ஆற்றில். ஸ்காட்லாந்து வம்சாவளி வழக்கறிஞர் ஜான் மெக்ரிகர் ‘ராப் ராய்’ என்ற சிறு படகில் ஐரோப்பிய ஆறுகளில் ஆயிரம் மைல் சுற்றிவந்து, 1866இல் அதைப் புத்தகமாக்கினார். படித்தவர்கள் அதே மாதிரிப் படகு செய்து கிளம்பினார்கள். ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் முதல் பயண நூலும் இந்த அலையில் வந்ததுதான். 1907இல் ரோசன்ஹைம் நகரத்துத் தையற்காரர் யோஹான் கிளெப்பர், ஒரு கட்டடக்கலை மாணவர் வடிவமைத்த மடக்குப் படகைத் தயாரிக்கத் தொடங்கியதும், பையில் மடித்து ரயிலில் ஏற்றிப்போகக்கூடிய படகு சாமானியர் கைக்கு வந்தது.

உண்மையான திருப்பம் 1959இல் நடந்தது. கிளாஸ்கோ பல்கலைக்கழக மாணவர் கென் டெய்லர் கிரீன்லாந்தின் மேற்குக் கரையில் இல்லோர்சுவிட் என்ற ஊரில் கோடையைக் கழித்தார். இம்மானுவேல் கொர்னேலியுசென் என்ற வேட்டைக்காரர் அவருக்கென்று ஒரு தோல் கயாக் கட்டிக்கொடுத்தார். டெய்லர் அதை ஸ்காட்லாந்துக்குக் கொண்டுவந்தார். சில ஆண்டுகள் கழித்து டங்கன் வின்னிங் அந்தப் படகை அளந்து ஒரு வரைபடம் போட்டார். அந்தத் தாள்தான் கைமாறிக் கைமாறிப் போய் ஒட்டுப்பலகைப் படகாகவும், பிறகு கண்ணாடியிழையில் அனாஸ் அகூட்டா என்ற படகாகவும் ஆனது. அதே பரம்பரையில் ஃபிராங்க் குட்மன் வடிவமைத்த நார்ட்காப், 1975இல் நார்வேயின் வடமுனைக்குப் போனது. 1977இல் குட்மனும் தோழர்களும் கேப் ஹார்ன் முனையை அதில் சுற்றினார்கள். ஒரு வேட்டைக்காரரின் கைவேலை பதினெட்டு ஆண்டுகளில் உலகின் மிக மோசமான கடலுக்கு வந்து சேர்ந்தது. குட்மனின் பெயரைத் துடுப்பு பிடித்த எவரும் சொல்வார்கள். கொர்னேலியுசெனின் பெயர் அந்த அளவுக்குப் பரவவில்லை. இந்தத் துறையின் ஏடுகளில் எனக்குள்ள பெரிய மனக்குறை இது: படகைக் கொடுத்தவர்கள் அடிக்குறிப்பிலும், வாங்கிக்கொண்டவர்கள் அட்டையிலும் இருக்கிறார்கள்.

வட அமெரிக்காவிலும் தாள்தான் வேலை செய்தது. 1964இல் ஸ்மித்சோனியன் நிறுவனம் வெளியிட்ட மரப்பட்டைப் படகுகள், தோல் படகுகள் பற்றிய பெருநூல், எட்வின் டாப்பன் ஆட்னி ஆயுள் முழுக்கச் சேர்த்த குறிப்புகளை ஹோவர்ட் சாப்பெல் முடித்துக்கொடுத்தது. வாசிப்பதற்கு அது வறண்ட நூல்தான். ஆனால் அதிலுள்ள கோட்டோவியங்களைப் பார்த்து எத்தனையோ பேர் வீட்டுக் கொல்லையில் கயாக் கட்டியிருக்கிறார்கள். இயற்பியலாளர் ஃப்ரீமன் டைசனின் மகன் ஜார்ஜ் டைசன், அலாஸ்காவின் அலூட் மக்கள் ஓட்டிய பைதார்கா படகை அலுமினியக் குழாய்களால் மறுபடி உருவாக்கியவர். மரத்தின் உச்சியில் குடில் கட்டி வாழ்ந்தவர். விண்கலம் கட்ட நினைத்த தந்தையையும் படகு கட்டிய மகனையும் அருகருகே வைத்துக் கென்னத் பிரௌவர் 1978இல் எழுதிய ‘தி ஸ்டார்ஷிப் அண்ட் தி கனூ’ நூல், கயாக்கைக் கண்ணால் பார்த்திராதவர்களையும் கடற்கரைக்கு இழுத்தது.

இதற்கிடையே கிரீன்லாந்திலேயே மோட்டார் படகு வந்து கயாக் ஓய்ந்துபோயிருந்தது. 1980களில் அங்கே கயாக் சங்கம் அமைந்து, ஆண்டுதோறும் போட்டி தொடங்கியது. அந்தப் போட்டியில் ரோல் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்ட வகை. துடுப்பு கைநழுவிப் போனால் ஒன்று, ஒரு கை ஈட்டிக்கயிற்றில் சிக்கிக்கொண்டால் இன்னொன்று, துடுப்பை முதுகுக்குப் பின்னால்தான் பிடிக்க முடியும் என்றால் வேறொன்று. ஒவ்வொரு வகைக்கும் பின்னால் எப்போதோ மூழ்கிய ஒருவர் இருந்திருப்பார். இந்த வித்தைகளும் முதலில் நூல்கள் வழியாக, பிறகு ஒளிப்பேழை வழியாகத்தான் வெளியுலகத்துக்கு வந்தன.

வீரக் கதைகளுக்கு வருவோம். ஜெர்மானிய மருத்துவர் ஹானஸ் லிண்டெமன் 1956இல் மடக்குக் கயாக் ஒன்றில் அட்லாண்டிக்கை 72 நாட்களில் கடந்தார். மறு ஆண்டு ‘லைஃப்’ இதழின் அட்டையில் அவர் முகம் வந்தது. அவர் எழுதிய நூலில் கடலைவிட மனதுக்கே இடம் அதிகம். கிளம்புவதற்குப் பல மாதங்கள் முன்பிருந்தே, கைவிடக் கூடாது, மேற்கே போக வேண்டும் என்று தமக்குத் தாமே ஓதி ஓதி, தூக்கமில்லாத நிலையிலும் அந்தச் சொல் எழும்படி பழக்கிக்கொண்டார். பயணத்தின் பிற்பகுதியில் படகு கவிழ்ந்து, இருட்டில் அதன் முதுகைப் பற்றியபடி கிடந்த இரவில் அந்தப் பயிற்சி கைகொடுத்தது. அவருக்கு முன்னோடி ஃபிரான்ஸ் ரோமர். 1928இல் அதே கடலைக் கயாக்கில் கடந்தவர். மேற்கிந்தியத் தீவுகளைத் தொட்ட பிறகு நியூயார்க் நோக்கிக் கிளம்பிப் புயலில் காணாமல் போனார். நூல் எழுத அவர் மிஞ்சவில்லை. எனவே லிண்டெமனை அறிந்தவர்களில் பாதிப் பேருக்கு ரோமரைத் தெரியாது.

எழுதாமல் விட்டவர்களின் வரிசை இன்னும் நீளமானது. வேலை இழந்த ஆஸ்கர் ஸ்பெக் 1932இல் ஜெர்மனியின் உல்ம் நகரிலிருந்து சைப்ரஸில் சுரங்க வேலை தேடி மடக்குக் கயாக்கில் புறப்பட்டார். அங்கே நிற்காமல் பாரசீக வளைகுடா, இந்தியக் கரை, இலங்கை, பர்மா, இந்தோனேசியத் தீவுகள் என்று ஏழு ஆண்டுகள் போய்க்கொண்டே இருந்தார். 1939இல், போர் மூண்ட வேளையில், ஆஸ்திரேலியாவின் சைபாய் தீவில் கரையேறினார். எதிரி நாட்டவர் என்று பிடித்து முகாமில் அடைத்தார்கள். ஏறத்தாழ 50,000 கிலோமீட்டர். நம் கரையை ஒட்டி இப்படி ஒருவர் போனது நம்மில் அநேகருக்குத் தெரியாது. அவர் படச்சுருள்களும் தாள்களும் சிட்னியின் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 2011 முதல் 2016 வரை சாண்டி ராப்சன் என்ற ஆஸ்திரேலியப் பெண் அதே தடத்தில் துடுப்பு வலித்துப் போன பிறகுதான் ஸ்பெக்கின் பெயர் துடுப்பாளர்களிடையே பரவலாக அடிபட்டது.

எட் ஜில்லட்டும் அப்படித்தான். 1987இல் கலிபோர்னியாவிலிருந்து ஹவாய்த் தீவுகளுக்கு, கடையில் எவரும் வாங்கக்கூடிய இருவர் கயாக்கில், தன்னந்தனியாகப் போனார். இரண்டு மாதங்களுக்கு மேல் ஆயிற்று. உணவு தீர்ந்து பற்பசையைத் தின்றார். கரையேறியபின் அதைப் பற்றி நெடுங்காலம் வாய் திறக்கவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து வேறொருவர்தான் அதை நூலாக்கினார். விளம்பரமே பயணத்தின் எரிபொருளாகிவிட்ட காலத்தில் அந்த மௌனம் எனக்கு மரியாதைக்குரியதாகத் தெரிகிறது. ஆனாலும் அவரே எழுதியிருக்கலாம்.

பயண நூல்களில் பெரும்பாலானவை ஒன்றைப் போல ஒன்று. அலை, தனிமை, டப்பா உணவு, கரையில் வரவேற்பு. நியூசிலாந்தின் பால் காஃபின் இதற்கு விலக்கு. 1981-82இல் ஆஸ்திரேலியா முழுவதையும் சுற்றியவர். இறங்க இடமே இல்லாத செங்குத்துப் பாறைக் கரைகளை இரவும் பகலும் நிற்காமல் கடக்க, தூக்கம் வராதிருக்க ஒரு மாத்திரையும், வயிறு அசையாதிருக்க இன்னொரு மாத்திரையும் விழுங்கியதை அப்படியே எழுதினார். இடுப்பளவு மூடிய படகில் முப்பது மணி நேரம் உட்கார்ந்தால் உடம்பு என்ன கேட்கும் என்பதை மற்ற சாகசக்காரர்கள் மரியாதை கருதி விட்டுவிடுவார்கள். அடுத்துப் போகிறவருக்கு வேண்டியது அதுதான்.

ஹவாயின் ஆட்ரி சதர்லேண்ட் வேறு ரகம். நான்கு பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவர். மொலோக்காய் தீவின் வடகரையில் முதலில் சாமான் பையை இழுத்துக்கொண்டு நீந்தியே போனார். பிறகு காற்றடைத்த சிறு கயாக்கில் போனார். 1978இல் வந்த அவருடைய ‘பேடலிங் மை ஓன் கனூ’ நூல் சாதனை எதையும் கோரவில்லை. பயம், சமையல், மறந்துவிட்ட சாமான் என்று போகிறது. விலையுயர்ந்த படகும் ஆள்பலமும் இல்லாமல், சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பெண் ஒருவர் விடுமுறையில் கடலுக்குப் போகலாம் என்று காட்டியது அந்த மெல்லிய புத்தகம். லிண்டெமனைப் படித்தவர்கள் வியந்தார்கள்; சதர்லேண்டைப் படித்தவர்கள் கிளம்பினார்கள்.

என் முதலிடம் இவை எதற்கும் இல்லை. 1984இல் ஜான் டௌட் தொடங்கிய ‘சீ கயாக்கர்’ என்ற வட அமெரிக்க இதழில் வந்த விபத்து ஆய்வுகளுக்குத்தான் அந்த இடம். அவற்றின் நடை தட்டையானது. யார், எங்கே, எத்தனை மணிக்கு இறங்கினார்கள், காற்று எந்தத் திசை, தண்ணீர் எவ்வளவு குளிர், என்ன உடுத்தியிருந்தார்கள், ஒளிச்சமிக்ஞை எங்கே வைக்கப்பட்டிருந்தது, கை விறைத்தபின் அதை எடுக்க முடிந்ததா என்று வரிசையாகப் போகும். பிழைத்தவர் சொன்னதும், மீட்டவர் சொன்னதும், சில சமயம் பிணத்தோடு கிடைத்த பொருட்கள் சொன்னதும் அதில் இருக்கும். பழி சொல்வதில்லை; விட்டுவைப்பதும் இல்லை. மேட் ப்ரோஸும் ஜார்ஜ் க்ரான்செத்தும் எழுதிய இவற்றில் பல, 1997இல் ‘டீப் ட்ரபிள்’ என்ற தொகுப்பாக வந்தன.

தொகுப்பைச் சேர்ந்தாற்போல வாசித்தால் ஒன்று பிடிபடும்: விபத்து பெரும்பாலும் கரையிலேயே தொடங்கிவிடுகிறது. வெயிலைப் பார்த்து உடுத்துகிறார்கள். விழப்போவது பத்து டிகிரித் தண்ணீரில். விழுந்த முதல் நிமிடம் மூச்சு திணறும், அடுத்த சில நிமிடங்களில் விரல் கேட்காது, உடல் வெப்பம் இறங்கி இறப்பது அதற்கும் பின்னால். எனவே நீச்சல் தெரிந்தவரும் கரைக்கு வர முடியாமல் போகிறார். துடுப்பு மிதவை என்ற எளிய சாதனம் பரவியதிலும் இந்த இதழுக்குப் பங்கு உண்டு. காற்றுப் பையைத் துடுப்பின் ஒரு நுனியில் மாட்டி, துடுப்பைப் படகுக்குக் குறுக்கே வைத்தால், இலங்கையின் ஒருவா படகுக்குப் பக்கத்தில் நிற்கும் மிதவைக் கட்டையைப் போல அது தாங்கும்; விழுந்தவர் அதைப் பிடித்து ஏறலாம். ஏறத் தெரிந்தும் இறந்தவர்கள் எங்கே தவறினார்கள் என்பதையும் அதே இதழ்தான் எழுதியது.

திரைப்படத்துக்கு இந்தப் பொறுமை எளிதில் வராது. ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ மெக்காலி 2007 ஜனவரியில் டாஸ்மேனியாவிலிருந்து நியூசிலாந்துக்குத் தனியாகக் கிளம்பினார். ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து, கரை எட்டும் தூரத்தில் இருந்தபோது மறைந்தார். படகு கவிழ்ந்த நிலையில் கிடைத்தது. தூங்கும்போது மேலே இழுத்து மூடிக்கொள்ளும் கூண்டு அதில் இல்லை. கேமராவின் நினைவட்டை இருந்தது. அதைக் கொண்டு டேவிட் மிஷோவும் ஜெனிஃபர் பீடமும் எடுத்த ‘சோலோ’ படத்தில், கிளம்பிய அன்றே மெக்காலி அழுதுகொண்டு துடுப்பு வலிக்கும் காட்சி வருகிறது. மனைவியையும் மகனையும் விட்டுவிட்டு வந்தது சரிதானா என்று தம்மையே கேட்கிறார். படம் தீர்ப்புச் சொல்வதில்லை. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் ஜேம்ஸ் காஸ்ட்ரிஷனும் ஜஸ்டின் ஜோன்ஸும் இருவராக அதே கடலை 62 நாட்களில் கடந்து ஆரவாரத்தோடு கரையேறினார்கள். அந்தப் பயணத்தைப் பற்றிய படமும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் துடுப்பாளர்கள் கூடுமிடத்தில் நீண்டு போகும் பேச்சு மெக்காலியைப் பற்றியதுதான்.

பிரிட்டனின் ஜஸ்டீன் கர்கன்வென் 2004 முதல் எடுத்த ‘திஸ் இஸ் தி சீ’ தொடர் நடுவழி. கேமராவைப் படகின் முகப்பில் பொருத்தி, தாமே துடுப்பு வலித்து, தாமே கவிழ்ந்து படம் எடுத்தவர். எரிச்சலும் அசட்டுச் சிரிப்பும் வெட்டப்படாமல் இருப்பதால், 2014இல் சாரா அவுட்டனோடு அலூஷியன் தீவுகளைக் கடந்த பயணத்திலும் வீரத்தைவிடத் தயக்கமே நன்றாகப் பதிவாகிறது.

‘சீ கயாக்கர்’ 2014இல் நின்றுபோனது. கையடக்கக் கேமராக்கள் பெருகியபின் அலை தெறிக்கும் காட்சிக்குப் பஞ்சமில்லை; பிழைத்தவரைத் தேடிப் போய் மூன்று மணி நேரம் கேள்வி கேட்டு எழுதுகிற ஆசிரியருக்குத்தான் பஞ்சம். இப்போது கோவளத்திலும் ராமேசுவரத்திலும் கயாக் வாடகைக்குக் கிடைக்கிறது. நம் கடலில் இறங்குகிறவருக்கு ‘டீப் ட்ரபிள்’ தொகுப்பில் குளிர் பற்றிய பக்கங்கள் அவ்வளவாகத் தேவைப்படாது. கரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்றைப் பற்றிய பக்கங்கள் தேவைப்படும். மேற்குக் காற்றான கச்சான் வீசும் நாட்களில் கிழக்குக் கரையோரம் தண்ணீர் தட்டையாகத் தெரியும், வெளியே போவது சுலபம், திரும்பும்போதுதான் காற்றின் வலு புரியும். இதைக் கடற்கரைக் குப்பங்களில் எந்த மீனவரைக் கேட்டாலும், யார் யார் எந்த ஆண்டு அப்படி அடித்துக்கொண்டு போனார்கள் என்ற விவரத்தோடு சொல்வார்.