முத்தும் வேம்பும்: மாத்தளை அம்மன் வழிபாட்டு மரபுகள்

அம்மன் வழிபாட்டின் கோயில்வழி, பூசாரிவழி இரண்டையும் பற்றி எழுதித் தரும்படி நம் சங்கத்தின் மலர்க் குழுப் பெரியவர்கள் கேட்டபோது மறுக்க மனம் வரவில்லை. கோயில்வழியைப் பற்றி நமது அங்கத்தவர்களுக்கு நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. 1874இல் நகரத்தார் ஆதரவில் எழுந்த ஸ்ரீ முத்துமாரியம்மன் ஆலயமும், 108 அடி இராஜகோபுரமும், மாசி மகப் பஞ்சரத பவனியும் நம் வீட்டுச் செய்திகள். 1983 ஜூலை இனக்கலவரத் தீக்குப் பின்னர் எல்லாவற்றையும் மறுபடி எழுப்பிய பெரியவர்களுக்கு என் வணக்கம்.

உடுக்கைப் பாட்டும் கரகமுமான பூசாரிவழிக்குத்தான் ஏடு இல்லை. மன்னாரில் இறங்கிக் காட்டுவழி நடந்த நம் முன்னோர், வாந்திபேதிக்கும் அம்மைக்கும் உறவுகளைப் பறிகொடுத்தபடி மாத்தளைக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்கள் மடியில் வேப்பிலையும் மஞ்சளும் இருந்தன. தோளில் உடுக்கை இருந்தது. உடம்பெல்லாம் வெடித்த கொப்புளத்தை 'முத்து' என்று சொல்லி, நோயையே அம்மனுக்கு நகையாகப் பூட்டிய சனம் அது. பெரியம்மை ஒழிந்துவிட்டதாக 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. முத்து மட்டும் அவள் பெயரிலேயே நின்றுவிட்டது.

ஏட்டில் ஏறினால் ஒரு தேவியின் கதை பிழைக்கும் என்பதற்கு வெளியே ஓர் உதாரணம் உண்டு. வட ஐரோப்பாவில் ஃபிரேயா என்றொரு தேவி இருந்தாள். பூனைகள் இழுக்கும் தேர், ஒளிவீசும் கழுத்தாரம், பொன்னாக உதிரும் கண்ணீர் எல்லாம் அவளுக்கு உண்டு. கும்பிட்ட சனம் சமயம் மாறிய பிறகும், 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்துப் புலவர் ஸ்னோரி எழுதிவைத்ததால் அவள் கதை பிழைத்தது. நம் அம்மனின் கதை இன்னும் பூசாரிமாரின் தொண்டையில்தான் இருக்கிறது.

என் குரு இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றின் பூசாரி. திருச்சி வழியென்று சொல்லிக்கொள்வார். முதல் ஒரு வருடம் உடுக்கையைத் தொட விடவில்லை; "கேளு தம்பி, காது பழுத்தால் கை பழுக்கும்" என்பார். நூலை இறுக்கியும் தளர்த்தியும் அவர் எழுப்பிய நாதத்தில் லயத்துப் பிள்ளைகள் தூக்கத்திலிருந்து எழும்பி வருவார்கள். அழைப்பு, வர்ணிப்பு, தாலாட்டு என்ற வரிசையை அவர் ஒரு நாளும் மாற்றியதில்லை. கரகம் பாலிக்கும் இரவில் ஓடைக்கரையில் குடத்தைத் தன் கையாலேயே கழுவி, நீர் நிரப்பி, வேப்பங்கொத்தைச் செருகுவார். வாடிய ஓர் இலை கண்ணில் பட்டாலும் முழுவதையும் பிரித்துவிட்டு மீண்டும் தொடங்குவார். சேலத்து வழிக்காரர் இவ்வளவு கண்டிப்புப் பார்ப்பதில்லை. அவர்களுடைய தாளம் விரைவானது, அதற்கும் ஓர் அழகு உண்டு.

இன்று கரகம் எடுப்போர் யாரையும் நான் குறைசொல்லவில்லை. அவர்களுக்கும் நேரமில்லை, கற்றுக்கொடுக்கவும் ஆளில்லை. ஆனாலும் சில இடங்களில் பிளாஸ்டிக் பூச்சுற்றிய கரகத்தைப் பார்த்தேன். ஒலிபெருக்கியில் சினிமா மெட்டு முழங்க, உடுக்கை படம் பிடிப்பதற்காகக் கையில் இருந்தது. அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. காட்டுவழியில் செத்தவர்கள் வாயில் கடைசியாக இருந்தது அந்த உடுக்கைப் பாட்டு! கொள்ளைநோயும் கலவரத் தீயும் செய்யாததை இந்தப் பெட்டிச் சத்தம் செய்துகொண்டிருக்கிறது. அழைப்புப் பாடாமல் தூக்கிய கரகம் வெறும் குடம்.

வீட்டில் பழைய பாட்டுக் கொப்பிகள் வைத்திருப்போர், எழுத்து மங்கியிருந்தாலும், வரும் மாசி மகத்துக்கு முன் சங்கத்தில் கொண்டுவந்து தாருங்கள். பிரதி எடுத்துத் திருப்பித் தருவது என் பொறுப்பு.