நஞ்சீயர் வார்த்தையும் ‘மதம்’ என்னும் சொல்லும்



குழந்தையைப் பள்ளியில் சேர்க்கும் படிவத்தில் ‘மதம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. பெயர், பிறந்த நாள், தகப்பனார் பெயர் ஆகியவற்றோடு அதையும் நிரப்பிவிட்டு எழுந்து வருகிறோம். வடமொழியில் இச்சொல்லின் வரலாறு வேறு. ‘மந்’ என்னும் தாதுவடியாகப் பிறந்து, ‘எண்ணப்பட்டது’, ‘ஒருவரால் கொள்ளப்பட்டது’ என்று பொருள்படுவது இது. ஸ்வமதம், பரமதம் என்று பெரியோர் வழங்கும்போது இப்பொருளே உள்ளது. வாதத்தில் வைக்கப்படுவது மதம், ஹேதுக்களால் நிலைநிறுத்தப்படுவது, தோற்றால் கைவிடப்படுவது. படிவக் கட்டத்தில் உள்ளதோ, வாதமும் ஹேதுவும் இல்லாமல் பிறந்த நாளைப்போல் ஒருவனோடு ஒட்டிக்கொண்டு வருவது.

இவ்விரு பொருள்களும் கலந்துபோனபின், ‘மதம் மனிதனுக்கு எதற்கு?’ என்ற கேள்வி மேடைதோறும் எழுகிறது. மன அமைதிக்கு என்பர் சிலர். ஒழுக்கத்துக்கு என்பர் சிலர். ஒரு கூட்டத்தோடு சேர்ந்திருக்கும் பலத்துக்கு என்பர் வேறு சிலர். நம் உபந்யாஸகர்களும் இப்போது இந்த வாய்பாட்டையே கைக்கொள்கிறார்கள். ப்ராப்யமாக இருக்கவேண்டியதை இன்னொன்றுக்கு உபாயமாக்கிப் பேசுகிறோமே என்ற கூச்சமும் காணோம். ‘ஒருவனுக்கு வைஷ்ணவத்வம் உண்டு, இல்லை என்பது எதனால் தெரியும்?’ என்பதே பூர்வாசார்யர்கள் கேட்ட கேள்வி. அதற்கு விடையாக நஞ்சீயர் அருளிச்செய்ததாக வழங்கும் வார்த்தை ப்ரஸித்தமானது. அதை எடுத்தாளாத உபந்யாஸகர் இல்லை. ஆயினும் அதன்மேல் இரண்டு பிழையான பொருள்கள் படிந்துவிட்டன என்பது அடியேனுடைய எண்ணம். அவற்றை விண்ணப்பிக்கவே இதை எழுதலானேன்.

வார்த்தையின் கருத்து இது. வைஷ்ணவத்வம் தன்னிடம் உண்டா என்பது அவனவனுக்கே தெரியும். பிறருக்கு ஒரு கேடு வந்ததைக் கண்டவுடன் நெஞ்சு ‘ஐயோ’ என்றதாகில், எம்பெருமானோடு தனக்கு ஸம்பந்தம் உண்டென்று அவன் எண்ணிக்கொள்ளலாம். இவனுக்கு இது தகும் என்று நெஞ்சு ருசித்ததாகில், ஸம்பந்தம் இல்லை என்று எண்ணிக்கொள்ள வேண்டியதுதான்.

முதற்பிழை, இதைப் பிறரை அளக்கும் கோலாக்குவது. இன்னார் கோயில் வாசலில் பிச்சைக்காரனை விரட்டினார், ஆகவே அவர் திருமண்காப்பு வேஷம் என்று பேசுவதற்கு இவ்வார்த்தை எளிதாக உதவுகிறது, கேட்போரும் கைதட்டுகிறார்கள். தர்க்க நூலார் அநுமானத்தை ஸ்வார்த்தம், பரார்த்தம் என்று பிரிப்பர். தான் அறிவதற்காகத் தன்னுள்ளே செய்துகொள்வது ஸ்வார்த்தம். பிறரை ஒப்புக்கொள்ளச் செய்வதற்காக அவயவங்களோடு சொல்வது பரார்த்தம். நஞ்சீயர் வகுத்தது ஸ்வார்த்தாநுமானம். இங்கே ஹேது, நெஞ்சில் முதற்கணம் எழுந்த உணர்ச்சி. அது பிறர் கண்ணுக்கு விஷயமாகாது. வாய் ‘ஐயோ’ என்றதைக் கேட்கலாம். நெஞ்சு சொன்னதை யார் கேட்டார்? பக்ஷம் தானே, அறிபவனும் தானே என்றிருக்கும் இடத்தில், பிறரைக் கொண்டுவந்து நிறுத்துவது ஹேதுவே இல்லாமல் அநுமிப்பதாகும். ‘அவனவனுக்கே’ என்னும் தேற்றத்தை விட்டுவிட்டு மீதியைச் சொல்பவர், வார்த்தையில் பாதியைத்தான் சொல்கிறார்.

இரண்டாவது பிழை நுட்பமானது, நல்லெண்ணத்தில் பிறப்பது. ‘இரக்கமே வைஷ்ணவத்வம் என்று ஜீயரே சொல்லிவிட்டார், ஆகவே ஸமாச்ரயணம், திருவாராதனம் முதலியவை மேற்பூச்சு, இரங்குகிறவன் எவனும் வைஷ்ணவனே’ என்பது அது. இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள். ஆனால் வார்த்தை அப்படிச் சொல்லவில்லை. புகை நெருப்பைக் காட்டும், நெருப்பை உண்டாக்காது. இரக்கத்தை ஜீயர் ஜ்ஞாபகமாக வைத்தாரேயன்றிக் காரகமாக வைக்கவில்லை. காட்டப்படுவது ஸம்பந்தம்.

அந்த ஸம்பந்தத்தில் ஒரு சிக்கல் உண்டு. இவ்வார்த்தையின் உயிர்நிலை அதில்தான் இருக்கிறது. ஜீவாத்மாவுக்கு எம்பெருமானோடு உள்ள உறவு ஒருவர் உண்டாக்கிக்கொள்வது அன்று. பிள்ளை லோகாசார்யர் அதை ஒன்பது வகையாகப் பிரித்து ஒரு ரஹஸ்யமே அருளினார். சரீரத்துக்கும் ஆத்மாவுக்கும் போல, சேஷனுக்கும் சேஷிக்கும் போல, எல்லா ஆத்மாக்களுக்கும் என்றைக்கும் உள்ளது; இவன் அறியாவிட்டாலும் உண்டு, மறுத்தாலும் அறாது. அப்படியிருக்க, ஸம்பந்தம் இல்லை என்று எண்ணிக்கொள்ளச் சொன்னது எப்படிப் பொருந்தும்? ஸித்தாந்தத்துக்கு முரணாக ஜீயர் சொல்லமாட்டார். ஆகவே ‘இல்லை’ என்றது உறவை அன்று. உறவைப் பற்றிய அறிவு நெஞ்சில் ஊன்றவில்லை என்பதையே. சாஸ்த்ரம் படித்து எல்லாரும் அவனுக்கு உடைமை என்று தெரிந்துகொண்டவன், அவ்வுடைமையில் ஒன்று அடிபடும்போது மகிழ்ந்தால், அவன் தெரிந்துகொண்டது நாவளவில் நின்றது என்றே கொள்ளவேண்டும்.

இப்படிக் கொண்டால், ஸம்ஸ்காரம் ஒன்றும் இல்லாமல் பிறர் நோவுக்கு நோகிறவனைப் பற்றிய கேள்விக்கும் வழி பிறக்கும். அவனிடத்தும் உறவு உண்டு. அவன் அறியாத நெருப்பின் புகை அது. அவனைச் சோதிக்க இவ்வார்த்தை வரவில்லை. ‘அடியேன் ராமாநுஜதாஸன்’ என்று நாள்தோறும் சொல்லிக்கொள்கிறவனையே இது கேட்கிறது.

இனி, பிறர் கேடு என்றது எத்தகைய கேடு? ஸம்ஸாரத்தில் அழுந்துவதே உண்மையான கேடு, வயிற்றுப்பசியும் நோயும் அன்று என்று சிலர் வ்யாக்யானம் செய்வர். தகப்பனார் திண்ணையில் விளக்கு வைத்துச் சொல்லிக்கொடுத்ததே அடியேனுக்குப் படிப்பு. அவரும் அப்படியே சொன்னார். பல ஆண்டுகள் அடியேனும் அதையே சொல்லிவந்தேன். சொல்லுக்கு அப்பொருள் உண்டென்பதில் ஐயமில்லை. ஆனால் அதோடு நிறுத்துவது நமக்கு வசதியாயிருக்கிறது. பக்கத்து வீட்டில் அடுப்பு எரியாதபோது, அவனுடைய ஆத்மநாசத்துக்கு இரங்கிக்கொண்டு தளிகைப் ப்ரஸாதத்தை நாம் உண்ணலாம். வார்த்தையைச் சொன்னவர் யார் என்று பார்த்தால் இச்சுருக்கம் நிற்காது.

குருபரம்பரை சொல்லும் சரித்ரம் யாவரும் அறிந்ததே. மேல்நாட்டில் மாதவர் என்ற திருநாமத்தோடு வேதாந்தியாய் விளங்கியவர் பின்னாளில் நஞ்சீயரானவர். அந்தணர்களுக்கு அன்னமிடும் அவர் சாலையில், பட்டர் தம் பெருமை தோன்றாத எளிய வேஷத்தோடு நுழைந்து, உண்ணாமல் நின்று, தமக்கு வேண்டுவது தர்க்கபிக்ஷை என்றார். நாள்கணக்கில் வாதம் நடந்தது. மாதவர் தோற்றுத் திருவடி பணிந்தார். மதம் மாறிற்று என்றால் அன்றே மாறிவிட்டது. ஆனால் அவர் வீட்டைவிட்டு எழுந்து வரவில்லை. செல்வமும் மனைவியர் இருவரும் இருந்தபடியே இருந்தனர். பின்னொரு நாள் பிக்ஷைக்கு வந்தவர்களுக்கு மனைவியர் அன்னமிட மறுத்துவிட்டார்கள் என்று கேட்டபோதுதான் அவர் எழுந்தார். பொருளை மூன்று பங்காக்கி, இரண்டை மனைவியருக்கு வைத்து, மூன்றாவதை ஆசார்யனுக்கென்று எடுத்துக்கொண்டு, ஸந்யாஸியாய்த் திருவரங்கம் புகுந்தார். பட்டர் ‘நம் ஜீயர்’ என்று அணைத்துக்கொண்டார்.

பாகவத கைங்கர்யத்துக்கு வந்த விரோதமே துறவுக்குக் காரணம் என்று பெரியோர் பணிப்பர். அதை அடியேன் மறுக்கவில்லை. ஆனால் இச்சரித்ரத்தில் இரண்டு பிக்ஷைகள் இருப்பதைக் கவனிக்கவேண்டும். முன்னதில் சோறு வேண்டாம், தர்க்கம் போதும் என்றார் வந்தவர். அது அவருடைய மதத்தை மாற்றிற்று. பின்னதில் வந்தவர்கள் கேட்டது சோறு மட்டுமே. அது கிடைக்காமல் போனது அவருடைய வாழ்வை மாற்றிற்று. உண்ணாமல் திரும்பிய அந்த வயிறுகளை நினைந்தவர் பிற்காலத்தில் சொன்ன ‘ஐயோ’வில் வயிற்றுப்பசிக்கு இடமில்லை என்று எப்படிச் சொல்வது?

அம்மனைவியர் இருவர் பக்கம் என்ன நியாயம் இருந்தது என்பதை நாம் கேட்டதில்லை. நாள்தோறும் ஊருக்குச் சமைத்த கைகள் அன்று ஏன் மறுத்தன என்றும் தெரியாது. அவர்களைத் தாழ்த்திப் பேசிச் சிரிப்பு மூட்டும் உபந்யாஸங்களைக் கேட்டிருக்கிறேன். இரண்டு பங்கு கொடுத்துவிட்டுப் போனவர் அப்படிச் சிரித்திருக்கமாட்டார்.

இவ்வார்த்தைக்குக் குலவழியும் உண்டு. பட்டருடைய திருத்தகப்பனார் கூரத்தாழ்வான். அவர் கண்களை இழக்கக் காரணமானவன் அவரிடமே சிஷ்யனாயிருந்த நாலூரான். கச்சியில் பேரருளாளனிடம் கண்ணை வேண்டிக்கொள்ளும்படி உடையவர் நியமித்தனுப்ப, ஆழ்வான் வேண்டியது தமக்குக் கிடைக்கும் பேறு நாலூரானுக்கும் கிடைக்கவேண்டும் என்று. இவனுக்கு இது தகும் என்று எண்ண உலகில் ஒருவருக்கு உரிமை இருந்ததென்றால் ஆழ்வானுக்கு இருந்தது. அந்த உரிமையை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. அவர் திருக்குமாரரிடம் பயின்ற ஜீயர், வைஷ்ணவத்வத்துக்கு அடையாளம் சொல்லும்போது வேறொன்றையும் சொல்லாமல் இதைச் சொன்னது தற்செயலாகத் தோன்றவில்லை. தீங்கு செய்தவன் விஷயத்தில் பொறுமையோடு நில்லாமல் நன்றியறிவு வரையில் போகவேண்டும் என்று ஸ்ரீவசனபூஷணம் பிற்காலத்தில் விதிப்பதும் இந்த வழியில் வந்ததே.

ஜீயர் திருவடிகளில் ஆச்ரயித்த நம்பிள்ளையை, கந்தாடைத் தோழப்பர் பெருமாள் ஸந்நிதியில் பலர் நடுவே கடிந்து பேசினார். வீடு திரும்பிய தோழப்பரை அவருடைய தேவிகள் இடித்துரைத்தார். விடிந்ததும் மன்னிப்புக் கேட்பதென்று துணிந்து அவர் கதவைத் திறந்தபோது, நம்பிள்ளை இரவெல்லாம் அவ்வாசலிலேயே கிடந்தது தெரிந்தது. அவர் கோபிக்கும்படி நடந்த குற்றம் தம்முடையது என்று மன்னிப்புக் கேட்க வந்திருந்தார் நம்பிள்ளை. ‘லோகாசார்யர்’ என்ற திருநாமம் அந்த வாசலில் பிறந்தது. பாகவதாபசாரத்தால் தோழப்பருக்கு என்ன வருமோ என்று நம்பிள்ளையின் நெஞ்சு பட்டதையே அடியேன் இங்கே காண்கிறேன். அடக்கம் என்று மட்டும் சொல்லி விடுவது போதாது.

தோழப்பரை அடியேன் அதிகம் நினைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் குடும்பத்துக்கு உள்ளூர்க் கோயிலில் கைங்கர்ய முறை உண்டு. அந்த முறையைப் பற்றிப் பங்காளி ஒருவருக்கும் அடியேனுக்கும் வ்யவஹாரம் நெடுங்காலம் நடந்தது. கோஷ்டியில் எதிரெதிரே அமர்ந்து ஒரே பாசுரத்தை ஸேவித்தோம், முகம் பார்த்துக்கொள்ளவில்லை. ஒருநாள் மாலை அகத்தில் நாலைந்து பேருக்கு இந்த வார்த்தையைக் காலக்ஷேபமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஸ்வார்த்தம், பரார்த்தம் என்று மேலே எழுதியவற்றையெல்லாம் அன்று விரிவாகச் சொன்னேன். அப்போது, அவர் திருக்குளப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது என்று ஒருவர் வந்து சொன்னார்.

வாய் ‘அடடா’ என்றது. நெஞ்சு சொன்னது வேறு. சொல்லிக்கொண்டிருந்த ஹேதுவும் பக்ஷமும் அடியேனாகவே இருந்தன. ஐயத்துக்கு இடமில்லாத அநுமானம். உள்ளேயிருந்து ‘ஐயோ’ என்ற குரல் கேட்டது; அது அடியேனுடைய தர்மபத்தினியின் குரல். சாஸ்த்ரம் ஒரு வரி படித்தவள் இல்லை. அன்றிரவே கஞ்சி வைத்துத் தூக்கில் எடுத்துக்கொண்டு போனாள்.

இச்சோதனையில் தோற்றவன் செய்யவேண்டியது என்ன என்று ஜீயர் வார்த்தையில் இல்லை. தோழப்பர் மறுநாள் விடியலில் கதவைத் திறந்தார். அடியேன் அவர் அகத்துக்குச் சென்றது எட்டாம் நாள். கட்டிலில் படுத்தபடியே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இம்மாதம் முறை யாருடையது என்று கேட்டார். தம்முடையது என்றேன். தமக்குப் பதிலாக அடியேன் போகவேண்டும் என்றார்.