இரண்டு சதவீதம் சரி, மீதி தொண்ணூற்றெட்டு?

போச்சம்பள்ளின்னு சொன்னா பல பேருக்குத் தெலங்கானா சேலைதான் ஞாபகம் வரும். நான் எழுதுவது கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளியைப் பற்றி. வாரச்சந்தைக்கும் தென்னைக்கும் மாம்பழத்துக்கும் பேர்போன ஊர். இப்போது இங்கே ஓலா மின்சார ஸ்கூட்டர் ஆலையும் நிற்கிறது.

இங்கே "கம்பெனிக்காரங்க ஊருக்கு என்ன செஞ்சாங்க?" என்று கேட்பது நியாயம். அதற்குச் சட்டம் சொல்லும் பதில்தான் கோணல் என்பது என் கட்சி.

2013 நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஒன்றைத் தொட்டாலே நிறுவனம் சமூகப் பொறுப்புக் கணக்குக்குள் வந்துவிடும். முந்தைய மூன்று நிதியாண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதமாவது செலவிட வேண்டும்.

முதல் கோணல்: லாபம் இல்லையென்றால் கணக்கு பூஜ்யம். ஓலா எலெக்ட்ரிக்கின் 2023-24 நிகர நஷ்டம் சுமார் 1,584 கோடி ரூபாய். சட்டப்படி அதில் தப்பில்லை. ஆனால் நஷ்டத்தில் ஓடும் ஆலைக்கும் நிலமும் தண்ணியும் ரோடும் வேணுமே!

இரண்டாவது இன்னும் ஆழமானது. வழக்கமான வியாபாரத்தின் பகுதியாகச் செய்வது சமூகப் பொறுப்பில் சேராது என்கிறது விதி. பக்கத்து ஓசூரில் டைட்டன் என்ன செய்தது? 1990களில் மைராடா தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து, சுயஉதவிக் குழுப் பெண்களுக்குக் கைக்கடிகாரப் பட்டை செய்யும் வேலையைக் கொடுத்தது. அந்தப் பெண்களே உரிமையாளர்களாக 'மெடோ' என்ற கம்பெனி உருவானது. தானம் இல்லை, ஆர்டர். இன்றைய கணக்கில் அந்த ஆர்டருக்கு மதிப்பெண் கிடையாது. பள்ளிச் சுவருக்குப் பெயின்ட் அடித்தால் உண்டு.

சட்டமே வேண்டாம் என்று சொல்லவில்லை. டிவிஎஸ் குழுமத்தின் சீனிவாசன் சேவை அறக்கட்டளை மாதிரி 1996லேயே தானாக இறங்கியவர்கள் குறைவு. கட்டாயம் இல்லாவிட்டால் பலர் பைசா தர மாட்டார்கள்.

நான் கேட்பது சின்ன விஷயம். பட்டியலிட்ட முதல் 1,000 நிறுவனங்கள் தண்ணீர்ப் பயன்பாடு, சிறு உற்பத்தியாளர்களிடம் வாங்கியது போன்ற விவரங்களை 2022-23 முதல் செபி விதிப்படி கட்டாயமாகத் தருகின்றன. அது முதலீட்டாளருக்கான அறிக்கை. கம்பெனி மொத்தத்துக்குமான கணக்கு. அதையே ஆலைவாரியாகப் பிரித்து, தமிழில், கிராமசபையில் வாசிக்கட்டும்: உள்ளூர் ஆட்கள் எத்தனை பேர், எவ்வளவு தண்ணீர், யாரிடம் கொள்முதல். 2 சதவீதத்துக்கு நன்றி சொல்வதா வேண்டாமா என்பதை ஊர் பிறகு முடிவு செய்யட்டும்.